மாரியும் மணலும் அட்டவணையும்

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவுதி அரேபியாவின் நிதியுதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன. 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக எழுந்த அந்தத் தொகுதியில் பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை என்று ஓர் ஊருக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. ஊர் மட்டும் இல்லை. பயனாளிகள் தெரிவு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்றில்லாமல் இன விகிதாசாரப்படி வீடுகள் வழங்கப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு ஒரு தசாப்தத்துக்கும் மேலாகக் கதவுகள் பூட்டியே கிடந்தன. முற்றங்களில் காடு மண்டியது.

கருத்திட்ட முகாமைத்துவப் பாடநூல்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகள் மூன்று: குறித்த காலத்தில் முடிந்ததா, குறித்த செலவில் முடிந்ததா, சொன்னபடி கட்டப்பட்டதா? வீட்டில் யார் குடியிருக்கிறார் என்ற கேள்வி இவற்றில் இல்லை. இன்று கருத்திட்ட முகாமையாளரின் மேசைக்கு வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்காகவே உருவானவை. கூட்டக் குறிப்பு எழுதுகின்றன, கால அட்டவணை போடுகின்றன, முன்னேற்ற அறிக்கை தயாரிக்கின்றன. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று நீளும் அம்பாறைக் கரையோரத்தில் இவை எந்தச் சுமையை இறக்கும், எதைத் தொடவே மாட்டா என்பதை அளந்து பார்க்க இந்த மண்ணில் அனுபவத்துக்குக் குறைவில்லை.

ஒரு பேரழிவு கற்பித்த முகாமைத்துவம்

சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் அந்த எல்லை 100 மீற்றர். கிழக்கே கடல், மேற்கே நெற்காணி, நடுவே நெருங்கிக் கட்டிய வீடுகள் என்றிருக்கும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் 200 மீற்றரை விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். சீமெந்தும் கம்பியும் வருமுன்பே காணி என்ற சிக்கல் வந்துவிட்டது. கல்முனையின் கிறீன்பீல்ட் தொடர்மாடி, சாய்ந்தமருதின் பொலிவேரியன் கிராமம், மருதமுனையின் 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு காணித் தேடல் இருக்கிறது.

உதவி நிறுவனங்கள் அதே நேரத்தில் கூட்டமாக வந்திறங்கின. யார் எந்த ஊரில் எத்தனை வீடு கட்டுகிறார்கள், எந்த முகாமில் எத்தனை குடும்பம் இருக்கிறது, எங்கே தண்ணீர் இல்லை, எங்கே உடுப்பு மலைபோல் குவிந்து கிடக்கிறது என்பதை ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருள் பிறந்தது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வ நிரலாளர்கள் சுனாமிக்கு அடுத்த சில வாரங்களில் அதை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பட்டியல் ஆகியவையே அதன் முக்கிய பகுதிகள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டில் சமூகப் பயனுள்ள திட்டங்களுக்கென வழங்கப்படும் விருதை சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது.

இன்றைய அர்த்தத்தில் சஹானாவில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இருக்கவில்லை. யாரோ ஒருவர் முகாமுக்குப் போய், கேட்டு, எழுதி, தட்டச்சுச் செய்தால்தான் அதற்குள் தகவல் வரும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விதி மாறவில்லை.

மேசையில் மிச்சமாகும் நேரம்

2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பே, 2019இல், கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனம் கருத்திட்ட முகாமைத்துவ வேலைகளில் 80 சதவீதம் 2030க்குள் இயந்திரத்திடம் போய்விடும் என்று எதிர்வுகூறியிருந்தது. தரவு திரட்டல், பின்தொடர்தல், அறிக்கையிடல் ஆகியவையே அந்த 80 சதவீதத்தின் பெரும்பகுதி. உலகளாவிய தொழில்முறை அமைப்பான பி.எம்.ஐ. 2023இல் நடத்திய கணக்கெடுப்பில், கருத்திட்ட வேலையில் செயற்கை நுண்ணறிவை எப்போதும் அல்லது அடிக்கடி பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 21 சதவீதத்தினரே. மறு ஆண்டு அந்த அமைப்பே முகாமையாளர்களுக்கென 'இன்பினிட்டி' என்ற உரையாடல் கருவியை வெளியிட்டது. மைக்ரோசொப்ட், அட்லாசியன், அசானா போன்ற நிறுவனங்களும் தங்கள் மென்பொருள்களுக்குள்ளேயே இந்த வசதியைச் சேர்த்துவிட்டன.

பயன் எவ்வளவு? ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்களும் பொஸ்டன் கன்சல்டிங் குரூப்பும் 2023இல் 758 ஆலோசகர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஜிபிடி-4 கருவியோடு வேலை செய்தவர்கள் சராசரியாக 12.2 சதவீதம் அதிகப் பணிகளை முடித்தார்கள், 25.1 சதவீதம் விரைவாகவும் முடித்தார்கள்; தரமும் உயர்ந்தது. ஆனால் கருவியின் திறமைக்கு அப்பால் இருக்கும்படி வேண்டுமென்றே தெரிந்தெடுத்த ஒரு பணியில் அதே கருவியை வைத்திருந்தவர்கள் சரியான விடைக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எந்த வேலை எல்லைக்குள், எந்த வேலை வெளியே என்பதைக் கருவி தானாகச் சொல்லுவதில்லை.

இன்னொரு சோதனையும் கவனிக்கத்தக்கது. மெட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2025இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களுக்கு 246 பணிகளைக் கொடுத்து நேரத்தை அளந்தது. கருவியால் தமது வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியதாக அவர்கள் நம்பினார்கள். கடிகாரமோ 19 சதவீதம் கூடுதலாக நேரம் பிடித்ததாகக் காட்டியது. நேரம் மிச்சமானதாகத் தோன்றுவதும் மிச்சமாவதும் ஒன்றல்ல என்பதால், கருவி வாங்கும் அலுவலகம் முதலில் அளவெடுக்கப் பழக வேண்டும்.

பெரிய நிறுவனத்தில் அறிக்கை எழுதத் தனி ஆள் இருப்பார். கல்முனையில் ஒரு சிறு ஒப்பந்தக்காரருக்கோ மருதமுனையில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்துக்கோ அப்படி யாரும் இல்லை. மகளிர் சங்கத்தின் செயலாளரே கணக்காளர், அவரே எழுதுவினைஞர். நன்கொடையாளர் கேட்கும் ஆங்கில முன்மொழிவை எழுத முடியாமலே எத்தனையோ நல்ல யோசனைகள் இந்த ஊர்களில் வாய்ப் பேச்சாகவே நின்றிருக்கின்றன. தமிழில் சொன்னதை ஆங்கில முன்மொழிவாக்கவும், நாற்பது பக்கக் கேள்விப்பத்திரத்தில் வைப்புத்தொகை எவ்வளவு, இறுதித் திகதி என்ன, எந்தப் படிவம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்கவும் இந்தக் கருவிகள் கைகொடுக்கும். இந்தக் கரையோரத்தில் மிகப் பெரிய இலாபம் இந்தச் சின்னவர்களுக்குத்தான் கிடைக்கக்கூடும்.

டிசம்பர் 31

சாய்ந்தமருதில் 300 மீற்றர் நீளக் கொங்கிறீட் உள்வீதியும் அதன் ஓரமாக ஒரு வடிகானும் போடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உரையாடல் கருவியிடம் கேட்டால் அரை நிமிடத்தில் ஒழுங்கான அட்டவணை தந்துவிடும்: அளவீடு, மதிப்பீடு, கேள்விகோரல், மண் வெட்டு, கொங்கிறீட் இடல், ஈரப்படுத்தல், கையளிப்பு. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பட்டைகள் அழகாக நீளும்.

அந்தப் பட்டைகளுக்குள் இந்த ஊரின் ஆண்டு இல்லை. இலங்கை அரசின் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். கிழக்கில் வடகீழ்ப் பருவமழை கொட்டுவதும் நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான். ஆண்டின் நடுப்பகுதியில் பணம் வந்து, கேள்விகோரல் முடிந்து, ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போது செப்டெம்பர் கடந்துவிட்டால், வெட்டிய கானில் மழைத்தண்ணீர் நிற்கும் நாட்களில்தான் கொங்கிறீட் போட வேண்டிவரும். கொழும்பின் மழைக்கணக்கு இங்கே பொருந்தாது.

அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் வேறு கணக்கு. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கும். கூலியாட்களில் ஒரு பகுதி வயலுக்குப் போய்விடுவார்கள். நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி வருகிறது. 2025இல் மார்ச் தொடக்கத்தில் வந்த நோன்பு 2026இல் பெப்ரவரியின் மூன்றாம் வாரத்துக்கே வந்து, வெட்டுக் காலத்தோடு மோதுகிறது. நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் கொங்கிறீட் தட்டுபவர்களிடம் மாலை 5 மணி வரை வேலை எதிர்பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆவுக்குப் பிறகு வேலைத்தலம் மீண்டும் சூடுபிடிப்பதும் அரிது.

இவ்வளவையும் கருவிக்குச் சொன்னால் அது திறமையாகவே திருத்தித் தரும். நோன்புக்கு அரைநாள் வேலை, நவம்பர் 15க்குப் பிறகு திறந்தவெளிக் கொங்கிறீட் இல்லை, வெட்டுக் காலத்தில் ஆட்பலம் பாதி என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், ஓகஸ்ட் 10க்குள் ஒப்பந்தம் கைச்சாத்தாகாவிட்டால் இந்த ஆண்டுக்குள் வேலை முடியாது என்பது போன்ற ஒரு வரியை அது கணக்கிட்டுச் சொல்லக்கூடும். அந்த ஒரு வரி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பிரதேச செயலாளரின் கையில் வலுவான வாதம். ஆனால் நிபந்தனைகளைச் சொல்லத் தெரிந்த ஆள் தொழில்நுட்ப உத்தியோகத்தரே. பல வருடமாக வேலைத்தலத்தில் நின்ற அவருடைய அனுபவத்தை எழுத்தாக்கிக் கொடுக்கும்போதுதான் கருவி பயன் தருகிறது.

எந்த மொழியில் கேட்பது

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழியானது. ஆனாலும் கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் சுற்றறிக்கைகள் கிழக்கின் அலுவலகங்களுக்குப் புதிதல்ல. அந்தக் கடிதம் சிங்களம் தெரிந்த ஒருவரின் மேசைக்குப் போய்த் திரும்பும்வரை கோப்பு நகராது. மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களுக்கென்றே சிங்கள–தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பை உருவாக்க முயன்றதற்கு இதுவே பின்னணி. இன்றைய பொதுக் கருவிகள் சுற்றறிக்கையின் சாரத்தை உடனே தமிழில் தந்துவிடுகின்றன. விண்ணப்பிக்கத் தகுதியானவர் யார், கடைசித் திகதி எது என்று அறிய அது போதும். கையொப்பமிடும் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இன்னும் தேவை.

தமிழுக்கு இந்தக் கருவிகளில் இருந்த விலை வித்தியாசமும் குறைந்துவருகிறது. மொழி மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளியானபோது, அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. ஒரே வாசகம் பழைய முறையில் தமிழில் 116 துண்டுகள், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் அது 27இலிருந்து 24 ஆனது. முன்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்த சுமை ஒன்றரை மடங்காகச் சுருங்கியிருக்கிறது.

பேச்சு வேறு விடயம். வேலைத்தலத்திலிருந்து மேசன் அனுப்பும் வாட்ஸ்அப் குரல்பதிவு, கல்முனைப் பேச்சும் அரபுச் சொல்லும் 'பீ.ஓ.கியூ.', 'லெவல்', 'சட்டரிங்' போன்ற வேலைத்தல ஆங்கிலமும் கலந்தது. மேடைத் தமிழைக் கேட்டுப் பழகிய எழுத்துருவாக்கக் கருவி அதில் தடுமாறும். 'நாளைக்கு மெட்டல் வரல்லண்டா வேலை நிக்கும்' என்ற ஒரு வரி தவறாகப் பதிவானால் அன்றைய அறிக்கையில் வேலை நிற்காது, தலத்தில் நின்றுவிடும்.

இல்லாத ஆதாரம், இருக்கும் பெயர்கள்

2025 ஒக்டோபரில் டெலோய்ட் நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளை, அந்நாட்டு வேலைவாய்ப்புத் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கைக்கான கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தது. ஏறத்தாழ 440,000 அவுஸ்திரேலிய டொலர் பெறுமதியான அந்த அறிக்கையில் எழுதப்படாத ஆய்வுகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன; நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்ன வாசகமும் அத்தீர்ப்பில் இல்லை. அறிக்கை தயாரிப்பில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதை நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. உலகின் மிகப் பெரிய கணக்காய்வு நிறுவனங்களில் ஒன்றுக்கே இந்த நிலை.

நம் அலுவலகங்களில் இதே ஆபத்து மதிப்பீட்டு வீதங்களிலும் கொள்முதல் விதிகளிலும் ஒளிந்திருக்கிறது. இலங்கையில் அரச கொள்முதலுக்கு நீண்ட காலம் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியே நடைமுறையில் இருந்தது. 2025 ஜனவரி முதல் புதிய வழிகாட்டி வந்துவிட்டது. இணையத்தில் பழையதைப் பற்றிய எழுத்தே அதிகம் என்பதால், கருவி பழைய விதியைப் புதியதுபோல நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். கன மீற்றர் கொங்கிறீட்டின் விலையை அது இந்தியக் கணக்கில் சொல்லி ரூபாய் என்று மட்டும் போட்டால், அவசரத்தில் இருப்பவருக்கு எந்த ரூபாய் என்று கேட்கத் தோன்றாது.

ஆட்களின் பெயர்கள் இன்னும் பாரதூரமானவை. பயனாளிப் பட்டியலில் பெயரோடு தேசிய அடையாள அட்டை இலக்கம், விலாசம், வருமானம், விதவையா, அங்கவீனரா என்ற குறிப்பும் இருக்கும். இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க அதை அப்படியே இலவசக் கருவியில் ஒட்டுவது சுலபம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது இத்தகைய கவனக்குறைவைத் தடுக்கத்தான். பெயரையும் இலக்கத்தையும் நீக்கிவிட்டு வரிசை எண் போட்டுக் கொடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

பட்டியலைக் கணினியே தீர்மானித்தால் வழக்கு வராது என்று நினைப்பவர்களுக்கு 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் நல்ல பாடம். 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி கணக்கிட்டுப் பயனாளிகள் தெரிவானார்கள். ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் வந்து குவிந்தன. பிரதேச செயலக வாசல்களில் நின்றவர்களுக்குப் புள்ளி எப்படி வந்தது என்று விளக்க கிராம உத்தியோகத்தராலும் முடியவில்லை. காரணம் சொல்ல முடியாத தெரிவை மக்கள் தெரிவாகவே ஏற்பதில்லை.

ஒலுவில் மணல்

முன்னாள் துறைமுக அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் கனவாகப் பேசப்பட்ட ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனுதவியோடு ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ செலவில் கட்டப்பட்டு, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. தென்கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அலைதடுப்பு அந்த ஓட்டத்தை மறித்தது. துறைமுக வாயிலில் மணல் அடைத்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றது. தென்னந்தோப்புகள் சரிந்தன. மீனவர்களுக்கென்று கட்டிய வாயிலினூடே அவர்களுடைய படகுகளே போக முடியாத நிலை அடிக்கடி வந்தது.

இத்தகைய ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதில்தான் செயற்கை நுண்ணறிவின் உண்மையான வாக்குறுதி இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பென்ட் ஃப்ளுவ்பியேர் 16,000க்கும் மேற்பட்ட பெரிய கருத்திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார். செலவையும் காலத்தையும் காப்பாற்றியவை 8.5 சதவீதம், வாக்களித்த பயனையும் சேர்த்துத் தந்தவை 0.5 சதவீதம். நம் திட்டம் தனித்துவமானது என்று எண்ணாமல், இதேபோன்ற பழைய திட்டங்கள் எப்படி முடிந்தன என்பதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். இலண்டனின் என்பிளான் நிறுவனம் இலட்சக்கணக்கான பழைய கட்டுமான அட்டவணைகளை இயந்திரத்துக்குக் கற்பித்து, புதிய அட்டவணையில் எந்தப் பணி பிந்தும் என்று எதிர்வுகூறுகிறது. பிரித்தானிய ரெயில் பாதைகளை நடத்தும் நெட்வொர்க் ரெயில் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது.

அப்படியொரு கணிப்புக்கு இங்கே தடையாக நிற்பது கடந்தகாலம் கோப்புகளுக்குள் சிதறிக் கிடப்பதே. சுனாமிக்குப் பிந்திய வீட்டுத்திட்டங்களின் ஆவணங்கள் கலைக்கப்பட்ட அரச முகவரகங்களிலும், நாட்டை விட்டுப் போய்விட்ட நிறுவனங்களிலும், மாவட்டச் செயலகத்தின் இறாக்கைகளிலும் பிரிந்திருக்கின்றன. மதிப்பீடு எவ்வளவு, இறுதிக் கொடுப்பனவு எவ்வளவு, எத்தனை நாள் பிந்தியது, ஏன் பிந்தியது என்ற நான்கு விடைகளும் ஒரே பக்கத்தில் கிடைப்பது அரிது. கருவிக்குக் கற்பிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் அது உலகச் சராசரியைத்தான் திருப்பிச் சொல்லும்; அந்தச் சராசரியில் ஒலுவில் மணல் இல்லை.

துறைமுகம் இருக்கும் அதே ஒலுவிலில்தான் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இன்று அதற்குப் பொறியியல் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் உண்டு. இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வு வேலையாகவே முடிந்துபோன கருத்திட்டங்களின் தகவலைத் திரட்ட முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்தக் கோப்புகளைக் கேட்கும் உரிமையை இலங்கைக் குடிமக்கள் எவருக்கும் தருகிறது. தொடங்குவதற்கு ஏற்றவை துறைமுகம் போன்ற பெரிய திட்டங்கள் அல்ல. எண்ணிக்கையில் மிக அதிகமான உள்வீதிகளும் வடிகான்களும்தான். ஒப்பந்தத் திகதி, கையளித்த திகதி, மதிப்பீடு, இறுதிக் கொடுப்பனவு ஆகியவற்றைக் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம். தாமதத்துக்கான காரணம் என்ற நிரலை மட்டும், வேலைத்தலத்தில் நின்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் ஓய்வுபெற்றுப் போவதற்குள் அவர்களிடம் நேரில் கேட்டு நிரப்ப வேண்டியிருக்கும்.